அம்முலுவின் கற்பூரச் சட்டம்

கருவேலந்தாங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி அம்முலு வீடு எது என்று கேட்டால், கேட்டவனை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் வழி சொல்வார்கள். பழைய பழக்கம், போக மாட்டேன் என்கிறது. ஒரு காலத்தில் அவள் வீட்டைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியமாகத்தான் வந்தார்கள். உத்திரமேரூரில் ஒயின்ஷாப்பு மூடியிருக்கும் நாட்களில், இல்லையென்றால் கடை திறக்கும் வரைக்கும் கை நடுக்கம் பொறுக்காத காலைகளில், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு அம்முலுதான் கதி. கடையில் வாங்கி வைத்த குவார்ட்டர் பாட்டிலை மேலே கொஞ்சம் வைத்து விற்பாள். புருஷன் சின்னராசு கரும்பு வெட்டப் போவான். மூன்று நாள் வேலை என்றால் நாலு நாள் போதை. நடவும் களையெடுப்பும் வருஷம் பூராவுமா கிடைக்கிறது? வயிறு மட்டும் வருஷம் பூராவும் கேட்கிறது. அதனால் விற்றாள். அது சரியென்று யாரும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாட்டில் அல்ல, கற்பூரம்.

முன்பின் தெரியாதவன் எவன் வந்தாலும் அம்முலு முதலில் வாயைத் திறக்க மாட்டாள். உள்ளே போய் ஒரு செங்கல்லை எடுத்துவந்து வாசலில் வைப்பாள். அதன் மேல் ஒரு வில்லை கற்பூரம். கொளுத்திவிட்டு, படவேட்டம்மன் கோயில் இருக்கிற திசையில் கையைக் காட்டிச் சொல்வாள்: "நான் போலீசு இல்ல, போலீசு அனுப்பி வந்த ஆளும் இல்லன்னு சொல்லி அணை." வந்தவன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் பாட்டில். மறுத்தால் வந்த வழியே போகவேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு மூலகர்த்தா டீக்கடை ஏகாம்பரம். தொழில் தொடங்கின புதிதில், லுங்கி கட்டிக்கொண்டு வந்த ஒரு ஏட்டிடம் அம்முலு ஏமாந்துபோய் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். ஏகாம்பரம் டீயை ஆற்றிக்கொண்டே சட்டம் சொன்னார்.

"மப்டில வர்ற போலீச, நீ போலீசான்னு கேட்டா உண்மைய சொல்லியாவணும். அது ரூல்சு. நீ கேட்டியா?"

"கேட்டனே. இல்லன்னான்."

"சும்மா கேட்டா வாய்க்கு வந்தத சொல்லுவான். சத்தியம் வாங்கணும். சத்தியம் பண்ணிட்டு அப்பறம் புடிச்சான்னு வெச்சிக்கோ, கேஸு நிக்காது. கோர்ட்ல தூக்கிக் கடாசிடுவாங்க."

எந்தப் புத்தகத்தில் படித்தார், எந்த வக்கீல் சொன்னார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதற்கு மேல்கோர்ட்டு ஏது?

அந்தச் சட்டம் ஒரு தரம் பலித்தும் தொலைத்தது. ஒட்ட வெட்டின கிராப்பும் பாலிஷ் போட்ட செருப்புமாக ஒருவன் வந்து நின்றான். கற்பூரம் எரிவதைப் பார்த்தான், அம்முலுவைப் பார்த்தான், "அப்பறமா வரேன்" என்று திரும்பிப் போய்விட்டான். அவன் போலீசோ, பயந்தாங்கொள்ளி வாத்தியாரோ, சாமிக்குத்தான் வெளிச்சம். ஊர் அவனைப் போலீஸ் என்றே முடிவுகட்டியது. அதற்கப்புறம் அம்முலுவின் கற்பூரத்துக்கு முன்னால் இன்ஸ்பெக்டரே வந்தாலும் நிற்க முடியாது என்று ஆகிவிட்டது. அவளும் அதை முழுசாக நம்பினாள்.

சின்னராசு கல்லீரல் வீங்கிச் செத்தான். அவனைக் கொண்டுபோன எமன் வெளியூரிலிருந்து வரவில்லை; அரிசிப் பானைக்குப் பின்னால் அவளே அடுக்கி வைத்திருந்த பாட்டில்களிலிருந்துதான் வந்தான். இதை அம்முலுவே நாத்தனார் முனியம்மாளிடம் மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டும் கொஞ்ச காலம் விற்றாள். பசிக்கு ரோஷம் கிடையாது.

பிறகுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. தலைமையாசிரியை சோபியா டீச்சர் அவளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"அம்முலு, உனக்காக நான் சொல்லிக் கேக்கறேன். ஆனா பாட்டில் எடுத்துக் குடுக்கற கையால புள்ளைங்களுக்கு சோறு போட விடமாட்டேன். அத விட்டுட்டு வரியா?"

அன்றைக்கே மிச்சமிருந்த பாட்டில்களை ஏரி வாய்க்காலில் கவிழ்த்தாள் அம்முலு. அதைப் பார்த்துக் கரையில் நின்ற இரண்டு பேர் தேம்பி அழுததாக ஊரில் இன்னமும் கேலி பேசுவார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு அவள் நடையே மாறிப்போனது. காலையில் நாஷ்டாவைக்கூட மறந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். அரிசி களைந்து, முட்டை அவித்து, உரித்து, பெரிய அண்டாவிலிருந்து சாம்பாரை மொண்டு ஊற்றும்போது, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் ராத்திரி உலை வைக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூட விழும். முன்பெல்லாம் அவள் வாசலுக்கு வருகிறவன் தலையைக் குனிந்துகொண்டு வருவான், தலையைக் குனிந்துகொண்டு போவான். இப்போது ரேஷன் கடை வரிசையில் பெண்கள் அவளைக் கூப்பிட்டு, "எம்புள்ள இன்னிக்கு துன்னுச்சா அம்முலு?" என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படி நிமிர்ந்து பார்த்துக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே அவள் இன்னொரு ஜென்மம் சட்டி கழுவியிருப்பாள்.

நாலு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் வந்தது அந்த அமாவாசை.

அந்த வருஷம் காந்தி ஜெயந்தியும் மகாளய அமாவாசையும் ஒரே நாளில் வந்து விழுந்தன. பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஒயின்ஷாப்புக்கும் லீவு. அம்முலு தலைக்குக் குளித்துவிட்டுச் சின்னராசுக்குப் படையல் போட்டாள். அமாவாசைப் படையல் சைவம்தான். வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம். ஆனால் சின்னராசு எந்தக் காலத்தில் பாயசத்துக்கு ஆசைப்பட்டான்? செத்தவனுக்குப் பிடித்ததை வைக்காமல் அது என்ன படையல் என்று, முந்தின நாளே ஒரு குவார்ட்டர் வாங்கிவரச் சொல்லி, இலைக்குக் கொஞ்சம் தள்ளி, சாமிக்குக் கோபம் வராத தூரத்தில் வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு பாட்டில், அதுவும் செத்துப்போனவனுக்கு.

காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயசு இருக்கலாம். ஈர வேட்டி, சட்டை இல்லை, தோளில் துண்டு, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ம்மா, அம்முலுன்றது நீங்கதான?"

"நான்தான். இன்னா?"

"எங்கப்பா செத்துட்டாரும்மா. பக்கத்து ஊருதான். குழி வெட்ற ஆளுங்க, மோளம் அடிக்கறவங்க, ஒருத்தரும் சரக்கு இல்லாம கை வெக்க மாட்டேன்றாங்க. கடை லீவு. பொணம் வெயில்ல கெடக்குது."

"நான் வுட்டு நாலு வருசம் ஆவுது நைனா. வேற எடம் பாரு."

போனான். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். வந்தவன் சடாரென்று அவள் காலில் விழுந்தான். "எங்கியும் கெடைக்கலம்மா. எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்க." எழுந்தபோது அவன் பார்வை கதவுக்குள் போனது. "தோ, ஒண்ணு கீதேம்மா."

"அது எம் புருசனுக்கு வெச்சது. அத்தக் கேக்காத."

"உங்க வூட்டுக்காரரு மாதிரிதாம்மா எங்கப்பாவும்."

அந்த ஒரு பேச்சில் அம்முலு இளகிவிட்டாள். சின்னராசு செத்த அன்றைக்கும் இதே கூத்துதான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது, ஊற்றிக் கொடுத்தால்தான் குழி என்று உட்கார்ந்துவிட்டார்கள். அழுதுகொண்டே எழுந்துபோய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். புருஷனைக் கொன்ற சரக்கையே ஊற்றிப் புருஷனைப் புதைத்தவள் அவள். இந்தப் பையன் முகத்தில் அந்த நாள் தெரிந்தது.

கொடுத்துவிடுவது என்று மனசு முடிவுசெய்ததும், கை தன்பாட்டுக்குப் பழைய வழியில் போனது. படையல் தட்டிலிருந்து ஒரு வில்லை கற்பூரத்தை எடுத்து நிலைப்படியில் வைத்துக் கொளுத்தினாள்.

"போலீசு இல்ல, உங்கப்பா செத்தது நெசம்னு சொல்லி அணை நைனா. தப்பா எடுத்துக்காத. பழக்கம்."

பையன் ஒரு கணம் தயங்கினான். அப்பனை நினைத்துக்கொள்கிறான் என்று அவள் நினைத்தாள். "போலீசு இல்ல. எங்கப்பா செத்தது நெசம்," என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கையில் கரி ஒட்டியது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பாட்டிலைக் கொடுத்தாள். அவன் நீட்டின நோட்டை வாங்கவில்லை. "சாவு வூட்டுக்குக் குடுக்கறதுக்கு துட்டா? எட்த்துக்கினு போ." அவனோ, ஓசியில் வாங்கினால் அப்பன் கட்டை வேகாது என்று என்னவோ சொல்லிக்கொண்டே நோட்டை வெற்றிலைத் தட்டில் செருகிவிட்டு ஓடினான். புதைக்கிறவன் வீட்டில் கட்டை எப்படி வேகும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சோற்றில் கைவைக்கும் முன்னால் ஜீப்பு வந்துவிட்டது. வந்தவர்கள் நேராக வெற்றிலைத் தட்டுக்குப் போனார்கள். எண் குறித்து வைத்த நோட்டு. படையல் இலையை ஒரு பூட்ஸ் கால் மிதித்துவிட்டது, வேண்டுமென்று இல்லை, இடம் குறுகலாக இருந்ததால். ஜீப்புக்குப் பக்கத்தில் அந்தப் பையன் இப்போது சட்டை போட்டுக்கொண்டு நின்றான். பெயர் ஸ்ரீகாந்த், கான்ஸ்டபிள்.

அம்முலு பயப்படவே இல்லை, அதுதான் கொடுமை. ஜீப்பில் ஏறும்போது, கூடின ஜனங்களைப் பார்த்துச் சொன்னாள்: "கற்பூரம் அணைச்சிட்டுப் புடிச்சிக்கிறான். கேஸு நிக்காது, பாருங்க." ஜனங்களும் தலையாட்டினார்கள். ஸ்டேஷனில் இதையே எஸ்.ஐ.யிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எந்த ஊரு சட்டம்மா இது?"

ஜாமீனில் வந்தாள். கேஸ் முடியும் வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. சோபியா டீச்சர் அதைச் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டு வா அம்முலு. அதுவரைக்கும் உன் இடத்துக்கு வேற ஆளை நான் போட விடமாட்டேன். தண்டனைன்னு மட்டும் வந்துட்டா என் கையில ஒண்ணும் இல்ல."

உத்திரமேரூரில் வேதகிரி என்று ஒரு வக்கீல். வயசானவர், ஏழைக் கேஸ் என்றால் முகம் சுளிக்காதவர். அம்முலுவும் முனியம்மாளும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அம்முலு எடுத்த எடுப்பில் கற்பூரத்தில் ஆரம்பித்தாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோ பாரும்மா. போலீஸ்காரன் மாறுவேஷத்துல வந்தா, கேட்ட உடனே நான் போலீஸ்னு சொல்லணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. பொய் சொல்லலாம். வேஷம் போடலாம். கற்பூரம் இல்ல, தீச்சட்டியே எடுத்துட்டு வந்தாலும் கேஸ் கேஸ்தான்."

"சத்தியம் பண்ணானே சாமி!"

"அது அவனுக்கும் அம்மனுக்கும் நடுவுல. கோர்ட்டுக்கு அதுல வேலை இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா உன் கேஸ்ல வேற ஒரு நல்ல விஷயம் இருக்கு, அது உனக்கே தெரியல. விக்கறவகிட்ட போய் வாங்கிப் புடிக்கறது ஒண்ணு. விக்காதவ கால்ல விழுந்து, அப்பன் செத்தான்னு அழுது, வேணாம்னவ கிட்ட துட்டத் திணிச்சிட்டு, வித்தாள்னு புடிக்கறது வேற. இதனாலயே விடுதலைன்னு நம்ம சட்டத்துல எழுதி வெக்கல. ஆனா மாஜிஸ்திரேட் மனசு யோசிக்கும். நீ விட்டு நாலு வருஷம் ஆச்சு, இருந்தது ஒரே பாட்டில், அதுவும் படையலுக்கு. நாம புடிச்சிக்க வேண்டிய கொம்பு இதுதான்."

"அப்ப கற்பூரம்?"

"கற்பூரம்ன்ற பேச்சே உன் வாயில வரக் கூடாது. வர்றவன் போறவன்கிட்டல்லாம் சத்தியம் வாங்கறவ யாரு? வியாபாரம் பண்றவதான். நீ கற்பூரம்னு சொன்ன நிமிஷமே, ஆமாய்யா நான் விக்கறவதான்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. நுணலும் தன் வாயால் கெடும். தெரியுமில்ல?"

அம்முலு தலையாட்டினாள். புத்திக்குப் புரிந்தது. மனசுக்குப் புரியவில்லை. ஒரு பாட்டில் கொடுத்தது பெரிய குற்றமாம், எரிகிற கற்பூரத்தை அணைத்துப் பொய் சொன்னது குற்றமே இல்லையாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் முனியம்மாளிடம் இதையே மாற்றி மாற்றிப் புலம்பினாள். "பேஜார் புடிச்ச சட்டமா கீதே அண்ணி," என்றாள். முனியம்மாள், "வக்கீலு சொன்னத மட்டும் சொல்லு, வாய வெச்சிக்கினு சும்மா இரு," என்றாள். சொன்னவளுக்கே அது முடியாத காரியம் என்பது வேறு விஷயம்.

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. அம்முலு மறுபடி களையெடுக்கப் போனாள். பள்ளிக்கூடத்து வழியாகப் போகவேண்டி வந்தால், மத்தியானச் சோற்று நேரத்தைத் தவிர்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் நேரம் தவறிப்போய், மதில் மேல் தொற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் "ஆயா, எப்ப வருவ?" என்று கத்தின. "தோ, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

விசாரணைக்கு ஸ்ரீகாந்த் வந்த நாளும் வந்தது. இஸ்திரி போட்ட யூனிபாரத்தில் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று பிரமாணம் எடுத்தான். அம்முலு உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

வேதகிரி எழுந்தார். குரலை உயர்த்தாமல், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி கேட்டார்.

"ஈர வேட்டியோட போனீங்களா?"

"ஆமாங்க."

"அப்பா செத்துட்டாருன்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க. டூட்டிக்காக."

"இப்ப உங்க அப்பா?"

"நல்லா இருக்காருங்க."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. அம்முலுவுக்கு 'அடப்பாவி' என்று வயிறு எரிந்தது. கூடவே, அந்தக் கிழவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று எங்கேயோ ஒரு மூலையில் நிம்மதியும் வந்தது. தன் மனசு போகிற போக்கு அவளுக்கே பிடிக்கவில்லை.

முதலில் அவள் கொடுக்க மறுத்தாள், ஒத்துக்கொண்டான். காலில் விழுந்தான், ஒத்துக்கொண்டான். நோட்டை அவள் கையில் வாங்கவில்லை, தட்டில் வைத்துவிட்டு வந்தான், அதையும் ஒத்துக்கொண்டான். வேறு பாட்டில் எதுவும் அங்கே இல்லை. மாஜிஸ்திரேட் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு ஸ்ரீகாந்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் வேதகிரிக்குத் தெம்பு வந்துவிட்டது. உட்கார்ந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

அரசாங்க வக்கீல் எழுந்து, விட்டதைப் பிடிக்கப் பார்த்தார். "இந்தப் பொய்யைத் தவிர வேற எதுவும் செஞ்சு நீங்க அவங்களை நம்ப வைக்கலையே? மிரட்டறது, சத்தியம் பண்றது, அந்த மாதிரி?"

இதற்கு முன்னால் ஒத்துக்கொண்டதைப் போல ஸ்ரீகாந்த் இதையும் ஒத்துக்கொண்டிருக்கலாம். வேலைக்கு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் அவன் தன் வலது உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

"இல்லைங்க. சத்தியம் எதுவும் பண்ணல."

அம்முலுவின் காதில் ரத்தம் ஏறினது. அப்பன் செத்தான் என்றது பொய், போகட்டும். அழுதது பொய், போகட்டும். அணைத்த கற்பூரத்தையே அணைக்கவில்லை என்கிறானே!

சாட்சி முடிந்ததும் மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்துக் கேட்டார். "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களாம்மா?"

சொல்ல வேண்டியதை வேதகிரி கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். விட்டு நாலு வருஷம் ஆச்சு, சாவு என்றதால் இரக்கப்பட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான். இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு அந்தப்பக்கம் அடுப்பும் அண்டாவும் தட்டேந்தின பிள்ளைகளும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அவன் பொய் சொல்றாம்மா," என்றாள் அம்முலு. "கற்பூரம் அணைச்சாம்மா. என் நெலப்படில வெச்சி அணைச்சான். அணைக்காம நான் குடுப்பனா? என் வூட்ல கற்பூரம் அணைக்காம எவனும் ஒரு பாட்டில் வாங்கிக்கினு போனதே கெடையாதும்மா! இருவது வருசமா! ஊரையே கேளுங்க!"

பின்வரிசையிலிருந்து முனியம்மாள், "நெசம்தாம்மா, அணைக்காம யாருக்கும் குடுக்க மாட்டா," என்று ஒத்து ஊதினாள்.

வேதகிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"இருபது வருஷமா?" என்று மாஜிஸ்திரேட் நிதானமாகக் கேட்டார்.

"ஆமாம்மா. யாரா இருந்தாலும்." சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. "இப்ப இல்லம்மா, இப்ப வுட்டுட்டேன், நாலு வருசம் ஆவுது..." என்று தடுமாறினாள். அது காதில் விழுந்ததோ இல்லையோ, பேனா ஓடிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு அடுத்த வாய்தாவில் வந்தது. சிறிய தண்டனைதான். அபராதம், அதோடு கோர்ட்டு கலையும் வரைக்கும் காவல். அம்முலு சாயங்காலம் வரைக்கும் சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் விலங்கு போடவில்லை, யாரும் அதட்டவில்லை. ஒரு பெண் போலீஸ் டீகூட வாங்கிக் கொடுத்தாள். இதென்ன பெரிய தண்டனை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் இந்நேரம் சட்டி கழுவிக் கவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் டீயைக் குடித்தாள். சோபியா டீச்சருக்கு வேதகிரியே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

வெயில் சாய்ந்து வெளியே வந்தபோது, ஜெராக்ஸ் கடை ஓரமாக ஸ்ரீகாந்த் நின்றிருந்தான். யூனிபாரம் இல்லை. முனியம்மாள் அவனைக் கண்டதும் சாபம் கொடுக்க வாயைத் திறந்தாள்; அம்முலு அவளைக் கையமர்த்தினாள்.

"ம்மா, ஒரு நிமிசம்," என்றான். "மத்ததெல்லாம் ஒத்துக்கினேன் இல்ல? அது டூட்டி. அந்தக் கற்பூரத்த மட்டும் ஒத்துக்க முடியலம்மா. அப்பா செத்துட்டாருன்னு கற்பூரம் அணைச்சேன்னு பத்து பேரு முன்னாடி வாய்விட்டுச் சொன்னா, அது பலிச்சிடும்னு பயந்துட்டேன். அன்னிலேர்ந்து அவரு இருமினாலே ஓடிப்போய்ப் பாக்கறேன்."

அம்முலு அவனைப் பார்த்தபடி நின்றாள். இந்த உலகத்தில் தன் கற்பூரத்தை நம்பின ஒரே போலீஸ்காரன் இவன்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் நம்பாதவனாக இருந்திருந்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். அவளும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லு," என்றாள். "நான் வுட்டுட்டேன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு ஒரு கேஸாவது காட்டியாவணும்னாங்க. வேற யாரும் சிக்கல. ஸ்டேஷன்ல பழைய லிஸ்ட்டுல ஒங்க பேரு இருந்துச்சு."

முனியம்மாள் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிவிட்டாள். தூற்றியிருப்பாள். அம்முலு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"வாங்கனவங்கதான் சத்தியத்த திருப்பி எடுக்க முடியும்னு எங்கம்மா சொல்லுது. எடுத்துடுங்கம்மா. ஒங்க கால்ல வேணா விழறேன்."

"அதான் ஒருவாட்டி வுழுந்தியே," என்றாள் அம்முலு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான். பூக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு வில்லை கற்பூரம் வாங்கினாள். தார் ரோட்டு ஓரத்தில் ஒரு சப்பைக் கல்லாகப் பார்த்து, காற்றுக்கு முந்தானையை மறைத்துக்கொண்டு கொளுத்தினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீகாந்த் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தன் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கையில் கரி அப்பிக்கொண்டது.

"உங்கப்பன் நல்லா இருக்கட்டும்," என்றாள். "ஒன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."